புஷ்பாவின் ஏழு

எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு இரண்டு போன் வந்துகொண்டிருந்தது. முதலில் மேனாம்பேட்டிலிருந்து என் அம்மா புஷ்பா.

"ஒண்ணுமில்ல திவ்யா. உங்க மாமனாருக்கு நான் போடுற சீட்டு கண்ணுல படுதா இல்லையான்னே தெரியல. இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்றேன். அவரு திரும்பத் திரும்ப அதையே எறக்குறாரு. கேக்க முடியுமா? சம்பந்தியாச்சே."

அரை மணி நேரம் கழித்துக் காட்டுப்பாக்கத்திலிருந்து மாமா, அதாவது என் மாமனார் மணவாளன்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க அம்மா பிரமாதமா ஆடுறாங்க. என்ன, சில சமயம் வாங்க வாங்கன்னு கூப்பிடுறாங்க. போனா அங்க வீடே பூட்டிக் கிடக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாத. சம்பந்தி மனசு கஷ்டப்படும்."

நான் இருப்பது ராட்டர்டாமில். "ஒண்ணுமில்ல" என்று ஒரே நாளில் இரண்டு வீட்டிலிருந்தும் போன் வந்தால் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். "சீட்டுதானே, விடு" என்பான் என் கணவன் அரவிந்தன். விட முடியவில்லை. சம்பந்திகளுக்குள் வருகிற மனக்கசப்பு சீட்டோடு நிற்குமா? அடுத்த விசேஷத்தில் யார் யாரை முதலில் "வாங்க" என்று சொல்வது என்பது வரைக்கும் போகும். தை மாதம் மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது, பெட்டியில் இருந்த சாக்லேட்டைவிட இந்தக் கவலைதான் கனமாக இருந்தது.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தொரு வயது. சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, முப்பத்தொரு வருடம் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். திருநின்றவூரில் மலிவாகக் கிடைத்த மனையில் அப்பா கட்டிய வீட்டிலிருந்து தினமும் காலை எட்டு இருபது லோக்கலைப் பிடிப்பாள். பெண்கள் பெட்டியில் ஏறியதும் எழிலின் பழைய ஃபைல் அட்டை நாலு பேர் முழங்கால்களின் மேல் உட்காரும். அம்மா, எழில், சுதா, ஜெபா. ஆட்டம், இருபத்தெட்டு.

அம்பத்தூரில் எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அந்த அட்டையை யாரும் இடிக்கக்கூடாது என்பது பெட்டியின் எழுதாத சட்டம். பேசின் பிரிட்ஜ் தாண்டாமல் வண்டி சிக்னலில் நின்றுவிட்டால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் நாலு பேரும் சந்தோஷமாக இன்னொரு தடவை சீட்டைக் கலைப்பார்கள். ஜெயிக்கிற சீட்டை ஓங்கி அடிப்பது அங்கே மரபு. அம்மா ஒருமுறை அடித்த அடியில் ஜெபாவின் டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு பெட்டி முழுக்க எலுமிச்சை சாதம். என்னைப் பெற்றுவிட்டு மூன்று மாதம் கழித்து வண்டி ஏறிய அன்று, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம், "அது நல்லாக்கீது, என் கைதான் துருப்பிடிச்சுப் போச்சு" என்றாளாம். சுதா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மாவிடம் மூன்று தமிழ் உண்டு. வண்டியில் "இன்னா." வீட்டில் "என்ன." சம்பந்தி முன்னால் "என்னங்க."

ஓய்வு பெற்ற பிறகு மேனாம்பேட்டில் ஃபிளாட்டுக்குக் குடிவந்தார்கள். எட்டு இருபது ஆனால் அம்மாவின் கை தானாகச் சீட்டுக்கட்டைத் தேடும். அப்பா ரகுநாதன் சீட்டைத் தொடாத மனிதர். டிவியில் நாலு பேர் கத்திக்கொள்வதைப் பார்த்தால் அவருக்குப் போதும்.

மாமா வேறு வார்ப்பு. ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வரைபடப் பிரிவில் இருந்தவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் பழகியதுதான் பிரிட்ஜ். மற்ற சீட்டாட்டம் எல்லாம் அவருக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. பல வருடம் அவரோடு ஜோடியாக ஆடியவர் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட, மாமா தன் மனைவி மங்களம் அத்தையைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா உங்களுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன். அது போதாதா?" என்றார் அத்தை. "சம்பந்தியம்மாவக் கேளுங்க. ரயில்லயே சீட்டாடி ரிட்டயர் ஆனவங்க."

அம்மா ஒரே மாதத்தில் பிரிட்ஜ் விதிகளைப் பிடித்துக்கொண்டாள். விழுந்த சீட்டு ஒன்றைக்கூட மறக்காத மூளை அவளுக்கு. மாமா அசந்துபோனார். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

பிரிட்ஜில் எதிரும் புதிருமாக உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டும் சேர்ந்து ஒரு பிடி. "இத்தனை பிடி எடுப்போம்" என்று ஒரு ஜோடி வாக்குக் கொடுக்கும். அதைக் கெடுப்பது மற்ற ஜோடியின் வேலை. கெடுக்கிற இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்க முடியாது, பேச முடியாது, கண்ணைக் காட்டவும் கூடாது. போடுகிற சீட்டுதான் பேச்சு. ஜோடி ஹார்ட்ஸ், கிளாவர் என்று ஏதோ ஒரு நிறத்தை இறக்கும்போது நம்மிடம் உள்ள, இரண்டிலிருந்து ஒன்பது வரையான சில்லறைச் சீட்டுகளில் பெரியதைப் போட்டால் "பிடிச்சிருக்கு, தொடருங்க" என்று பொருள். சின்னதைப் போட்டால் "இங்க ஒண்ணுமில்ல, வேற பக்கம் போங்க."

இதில்தான் இருவருக்கும் ஏதோ இடறியது. சில நாள் சரியாக வரும், சில நாள் தலைகீழ். மாமா தோற்ற ஆட்டங்களையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தார். பிடிபடவில்லை. அம்மாவிடமே கேட்டிருக்கலாம். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது? ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு எழுந்து நின்று, "நல்லா ஆடினீங்க சம்பந்தி" என்பார். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க" என்பாள் அம்மா. பிறகு இருவரும் எனக்குப் போன் செய்வார்கள்.

நான் வந்து இறங்கிய அன்று மாலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை மன்றத்துல வருஷப் போட்டி. பதினாலு ஜோடி. இதுலயும் கடைசின்னா நானே எந்திரிச்சுக்கிறேன்."

"ஏம்மா? மாமா ஏதாவது சொன்னாரா?"

"அவரு எங்க சொல்லுவாரு? ஜெகதீஷ்னு ஒருத்தரு, ஐ.டி.காரரு. அவரோட ஜோடி வேலை மாறி பெங்களூரு போயிட்டாரு. இந்தப் போட்டிக்கு மட்டும் யாரையோ புடிச்சிருக்காராம். அப்புறம் உங்க மாமாவோட ஆடணும்னு கேட்டுட்டே இருக்காரு. நல்லா ஆடுற மனுஷன நான் ஏன் கட்டிப்போட்டு வெக்கணும்?" பீன்ஸ் நாரைக் கொஞ்சம் வேகமாக உரித்தாள். "அப்புறம் உங்க அப்பாவோட உக்காந்து டிவி பாத்துக்கினே கெழவியாயிடுவேன். அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் இரவுச் சாப்பாட்டில் அந்தப் பீன்ஸ் இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் என்னைப் பார்க்கச் சுதாவும் எழிலும் வந்தார்கள். ஜெபாவுக்குச் சர்ச்சில் ஏதோ கல்யாணம். சாப்பாடு முடிந்ததும் எழிலின் பையிலிருந்து அதே ஃபைல் அட்டை வெளியே வந்தது. நாலாவது ஆள் வேண்டுமே என்று என்னைப் பார்த்தார்கள். நான் பாயசம் கிளற ஓடிவிட்டேன். அப்போது அழைப்பு மணி. மறுநாள் போட்டிக்கு ஏதோ கேட்க மாமா வந்திருந்தார், கையில் ஹெல்மெட்டோடு.

"சார், கரெக்டா வந்தீங்க. குந்துங்க," என்றாள் சுதா.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதேம்மா."

"இதுல இன்னா சார் கீது? பிரிட்ஜ் ஆடுற ஆளு நீங்க. ஜாக்கிதான் பெர்சு. அதுக்கு அப்பால ஒம்பது. அப்பால ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு. ஏழுதான் கடசி."

மாமா உட்காரப் போனவர் பாதியில் நின்றார். "ஏழுக்குக் கீழே?"

"ஏழுக்குக் கீழ சீட்டே கெடயாது சார். ரெண்டுலேர்ந்து ஆறு வரிக்கும் டப்பாவுலயே தூங்கும்."

"அப்ப ஏழுதான் ஆகச் சின்னது."

"குப்பை சார்."

மாமா உட்கார்ந்தார். நாலைந்து ஆட்டம் ஆடினார். ஆட்டத்தில் அவர் கவனம் இல்லை, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவோ அவர் இருப்பதையே மறந்துவிட்டாள். பிடிக்காத சுற்று வந்தபோதெல்லாம் அவள் விரல் யோசிக்காமல் ஏழைத் தேடி எடுத்து, "போ கய்தே!" என்று வீசியது. மூன்றாவது ஏழு விழுந்ததும் மாமா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னவோ எழுதி வட்டம் போட்டார். பிறகு எழுந்தார்.

"நான் வர்றேன் சம்பந்தி. ஒரு வேலை இருக்கு."

"பாயசம் சாப்பிட்டுப் போங்க…"

"இன்னொரு நாள்." கேட்க வந்ததைக்கூடக் கேட்காமல் படியிறங்கிவிட்டார். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தது.

அம்மா சீட்டைக் கீழே வைத்தாள். "கோச்சுக்கினாரா?"

"இன்னாக்கா, நீ 'கய்தே'ன்னா அவரு பயந்துடமாட்டாரா?" என்றாள் சுதா.

"சும்மா இருடி. ரயிலு பொம்பள மாரி கத்துறாளேன்னு நெனச்சிருப்பாரு. நாளைக்கு ஒரு நாள்தான். அப்புறம் ஜெகதீஷோட போயிடுவாரு."

மாமா பாயசத்தை மறுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அதுதான் தோன்றியது. அன்று மாலை மட்டும் மூன்று தடவை மங்களம் அத்தைக்குப் போன் செய்தேன். "அந்த நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பல," என்றார் அத்தை. மூன்று தடவையும் அதே பதில்.

மறுநாள் காலை மன்றத்தில் ஏழு மேசைகள் போட்டிருந்தார்கள். போட்டியை நடத்தியவர் ராகவன், தொழிற்சாலையில் மாமாவுக்கு ஜூனியர். ஜோடிகளுக்குள் ரகசியம் இருக்கக்கூடாது என்பது பிரிட்ஜ் விதி. எந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைக்கவேண்டும், எதிராளி கேட்டால் விளக்கவேண்டும். மாமா அட்டையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார், வரைபடத்தில் எழுதுகிற அந்த நெட்டுக்குத்தான எழுத்தில். அம்மாவிடம் நீட்டினார்.

"படிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சம்பந்தி."

நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய சீட்டு: தொடரவும். சிறிய சீட்டு: வேண்டாம். கீழே சிவப்பு மையில்: புஷ்பா ஆடும்போது ஏழு, இரண்டைவிடச் சிறியது.

அம்மா இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்தாள்.

"நான் ஏழு போட்டப்பல்லாம் நீங்க…"

"வாங்கன்னு கூப்பிடுறதா நெனச்சேன்."

"போங்கன்னுல்ல சொன்னேன்!"

"நேத்து மத்தியானம்தான் புரிஞ்சுது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள நோட்டு முழுக்கப் பார்த்துட்டேன். நீங்க ஏழு போட்ட ஆட்டம் நாப்பத்துமூணு. அதுல நாப்பத்தொண்ணுல நான் தப்பான பக்கம் போயிருக்கேன். ஒன்பது போட்டப்பல்லாம் சரியா வந்திருக்கு. ஒன்பது உங்களுக்கும் பெருசு, எனக்கும் பெருசு. அதனாலதான் இத்தனை நாள் பிடிபடல."

அம்மாவின் மூன்று தமிழும் ஒரே நேரத்தில் கலந்துபோயின.

"இன்னா சம்பந்தி! எட்டு மாசமா ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா?"

முதலில் சிரித்தது மாமாதான்.

"நான் மாத்திக்கிறேன்," என்றாள் அம்மா. "இன்னிலேர்ந்து ஏழு பெருசு. ஏழு பெருசு."

"வேண்டாம். முப்பத்தொரு வருஷக் கை. பத்து நிமிஷத்துல மாறாது. நான் என் கண்ணை மாத்திக்கிறேன், அது சுலபம்."

ராகவன் அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "ரூல்ல இதுக்கு இடம் இருக்கா சார்?"

"எழுதி வெச்சாச்சு. எல்லாரும் படிக்கலாம். இதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு அட்டையைப் பார்த்ததில்ல, அதான்."

அன்று மேசைக்கு மேசை அந்தச் சிவப்பு வரியைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தபடியே தோற்றவர்களும் உண்டு. அம்மாவின் ஏழு விழும், மாமா அந்தப் பக்கத்தை விட்டு நல்ல பிள்ளையாக வேறு பக்கம் போவார். கடைசி மேசைக்கு வரும்போது அவர்கள் நடுவில் எங்கேயோ இருந்தார்கள். இந்த மேசையில் சொதப்பினால் மறுபடி அடிமட்டம்தான் என்று ராகவன் என் காதில் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜெகதீஷ்.

ஹார்ட்ஸ் துருப்பு வைத்துப் பத்துப் பிடி எடுப்பதாக வாக்குக் கொடுத்தார் ஜெகதீஷ். மொத்தம் பதின்மூன்று பிடி. நாலைப் பறித்தால் அவர் விழுவார். நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும் என்று ராகவன் எச்சரித்திருந்தார்.

மாமா கிளாவர் ஆஸை இறக்கினார். அம்மா கையில் கிளாவர் இரண்டே இரண்டு: ஏழு, இரண்டு. மாமா தொடர்ந்து இறக்கினால் மூன்றாவது சுற்றில் அம்மாவிடம் கிளாவர் தீர்ந்திருக்கும், துருப்பால் வெட்டலாம். ஆகவே "தொடருங்க" என்று சொல்லவேண்டும். ஊரில் எல்லாரும் அதற்கு ஏழைப் போடுவார்கள். ஆனால் இந்த மேசையில், சிவப்பு மையில், ஏழு இரண்டைவிடச் சிறியது.

அம்மாவின் விரல் ஏழின் மேல் போய், நின்று, நகர்ந்தது. இரண்டை எடுத்து மெதுவாக வைத்தாள்.

ஜெகதீஷ் நிமிர்ந்தார். "சார், இந்த ரெண்டுக்கு என்ன அர்த்தம்?"

"சாதாரணமா வேண்டாம்னு அர்த்தம்," என்றார் மாமா. "ஆனா அவங்க கையில ஏழு இருந்தா வேணும்னு அர்த்தம்."

"ஏழு இருக்கா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் உக்காந்து யோசிக்கிறேன்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கையில் ஏழு இல்லை. ஜெகதீஷின் ஜோடி விதிப்படி மேசையில் திறந்து பரப்பியிருந்த சீட்டுகளிலும் இல்லை. ஒன்று ஜெகதீஷிடம், இல்லையென்றால் அம்மாவிடம். அம்மா உத்தரத்தைப் பார்த்தபடி சாமி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் போயிருக்கும். எனக்கு அதற்குள் விடுப்பே முடிந்துவிடும் போலிருந்தது.

மாமா கிளாவர் ராஜாவை இறக்கினார்.

படார்! அம்மாவின் ஏழு மேசையில் விழுந்த சத்தத்தில் ராகவன் திரும்பினார். "அம்மா, மெதுவா, மெதுவா!"

"மன்னிச்சுக்கோங்க சார், ரயிலு பழக்கம்."

மூன்றாவது கிளாவரை அம்மா துருப்பால் வெட்டினாள். மூன்று பிடி. உடனே தன்னிடம் இருந்த ஸ்பேடு ஆஸை வைத்தாள், பூப்போல. நாலு.

ஜெகதீஷ் சீட்டைக் கவிழ்த்தார். "எப்படி சார் தெரிஞ்சுது?"

"தெரியல. ஏழு உங்ககிட்ட இருந்தா நான் காலி. ஆனா அவங்ககிட்ட இருந்து, பிடிக்காமலும் இருந்தா, ரெண்டுக்குப் பதிலா அதைத்தான் வீசியிருப்பாங்க. வீசல. சரி, சம்பந்தி பக்கமே சாய்வோம்னு சாஞ்சேன்."

பதினாலு ஜோடியில் ஆறாவது. கோப்பை கிடையாது, ஆளுக்கொரு தேங்காய்ப் பன்னும் காபியும்தான். ஜெகதீஷ் காபி டம்ளரோடு மாமாவிடம் வந்தார். அடுத்த மாதத்துக்கான பட்டியல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா அதில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் "புஷ்பா" என்றும் எழுதிவிட்டு, "சொல்லுங்க ஜெகதீஷ்?" என்றார். "ஒண்ணுமில்ல சார்," என்றார் ஜெகதீஷ்.

அம்மா பன்னை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தபடி நின்றாள்.

வெளியே ஸ்கூட்டர் ஷெட்டில் மாமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயங்கினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"மூணாவது மேசையில நீங்க டைமண்ட் ராணியைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது மகா தப்பு."

எட்டு மாதத்தில் அவர் அம்மாவிடம் சொன்ன முதல் குறை அதுதான். அம்மாவைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"தப்பா? அஞ்சாவது மேசையில துருப்ப எண்ணாம விட்டது யாரு?"

"எண்ணினேன்."

"இன்னாத்த எண்ணினீங்க? ஒண்ணு மிச்சம் இருந்துச்சே!"

மாமா ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினார். "அது வேற கணக்கு. நின்னு கேளுங்க."

நான் வரவழைத்திருந்த ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. "மேடம், வர்றாங்களா இல்லியா?"

"கொஞ்சம் நேரமாகும்ணா," என்று நிழலில் போய் உட்கார்ந்தேன்.

நான் திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வருவதே இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. போன வாரம் பொறுக்க முடியாமல் நானே அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"அம்மா எங்கப்பா? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"லேண்ட்லைன்ல இருக்கா. ஒரு மணி நேரமா உங்க மாமனாரோட சண்ட. எனக்கு நியூஸே கேக்கல."

பின்னால் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "இன்னா சம்பந்தி, கண்ண எங்க வெச்சுக்கினு ஆடுனீங்க?"